உங்களுக்குத் தெரியுமா? பாத்திக் துணி விற்று வாங்கிய கலைக் கிராமம்

சென்னை ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல் ஓவியர் கிராமத்தின் நிலத்தை எந்த அரசும் கொடுக்கவில்லை, எந்தச் செல்வந்தரும் வாங்கித் தரவில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து, விற்ற பணத்தில் தாங்களே வாங்கிய மண் அது!

• ஆண்டு 1966. முன்னின்றவர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் அப்போதைய முதல்வர். ஓவியம் வாங்க ஆளில்லாத காலம். படித்து முடித்த திறமைசாலிகள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார்களே என்ற கவலைதான் அவரை உந்தியது. கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனதுக்கு என்பது ஏற்பாடு. எவ்வளவு துணிச்சலான யோசனை!

• வீடு, பட்டறை, கண்காட்சிக்கூடம் எல்லாம் ஒரே இடத்தில். உலோகத் தகட்டில் உருவங்களை எழுப்பிய பி.வி. ஜானகிராம், பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் இருவரும் இங்கே இயங்கியவர்கள்.

• 2009-இல் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை ஓவியர்களும் சிற்பிகளும் வளர்த்த நவீனக் கலைப் போக்கான சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.