பேல் ஏல்: ஒரு பூவின் கசப்பு அமெரிக்க பீரை மாற்றியது எப்படி?

வழக்கமான லாகர் பீருக்குப் பழகியவர்கள், கிராஃப்ட் பேல் ஏலை முதன்முறை வாயில் வைத்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "என்ன, இப்படிக் கசக்குது?"

அந்தக் கசப்பு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. பெரிய ஆலைகள் பல ஆண்டுகளாகக் குறைத்துக்கொண்டே வந்த ஒரு சுவையைச் சின்ன ஆலைகள் திரும்பக் கொண்டுவந்தன. அதில் முக்கியமானது, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் சிக்கோ என்ற ஊரில் உருவான 'சியரா நெவாடா பேல் ஏல்'.

அதென்ன பேல் ஏல்?

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம்ம ஊர் கேழ்வரகு மால்ட் மாதிரிதான். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் விறகுத் தீயில் உலர்த்தியதால் மால்ட் கருத்து, புகைவாசம் ஏறியிருக்கும். பிறகு புகை குறைவான கோக் நிலக்கரி வந்தது. மால்ட் வெளிர் நிறமானது. அதில் செய்த பீருக்கு 'பேல்' (வெளிர்) என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

'ஏல்' என்பது நொதிக்கும் முறையைக் குறிக்கும். லாகர் குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கும். ஏல் அதைவிட வெதுவெதுப்பான சூழலில் வேகமாக நொதிக்கும். அதனால் ஏலில் பழவாசனை சற்றுத் தூக்கலாக இருக்கும்.

'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரும் பலர் கேள்விப்பட்டதுதான். பிரிட்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த, ஹாப்ஸ் அதிகம் சேர்த்த பேல் ஏல்களிலிருந்து வந்த பெயர் அது.

சட்டம் மாறியது, ஆலை வந்தது

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் முடிந்தது. ஆனால், வீட்டில் பீர் தயாரிக்க மத்திய சட்டத்தின் தடை தொடர்ந்தது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. அப்போது நாடு முழுவதும் இருந்த பீர் ஆலைகள் 100-க்கும் குறைவு.

சிக்கோவில் வீட்டு பீருக்கான பொருட்கள் விற்கும் கடை நடத்திவந்த கென் கிராஸ்மேன், நண்பர் பால் கமுசியுடன் சேர்ந்து ஆலை தொடங்கினார். காசு குறைவு. பால் பண்ணைகளின் பழைய பாத்திரங்களை வாங்கி, வெல்டிங் செய்து பொருத்தினார்கள். 1980 நவம்பரில் முதல் பீர் தயாரானது. பேல் ஏல் மட்டும் லேசில் கைகூடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வராததால், தயாரித்ததைப் பல முறை கீழே கொட்டினார்கள்.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து. கொதிக்கும் மால்ட் சாற்றில் ஆரம்பத்திலேயே போட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் வாசனை தங்கும். சியரா நெவாடா இதற்குத் தேர்ந்தெடுத்தது, ஓரிகனில் உருவாக்கப்பட்டு 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த 'கேஸ்கேட்' ரகம். பம்ப்ளிமாஸ் தோலையும் பைன் மரத்தையும் நினைவூட்டும் வாசனை அதற்கு.

பீரின் கசப்பை அளக்கும் அலகு 'ஐபியு'. பெரிய நிறுவனங்களின் லைட் லாகர்களில் இது 10-ஐ ஒட்டியே இருக்கும். இந்தப் பேல் ஏலில் 38. ஆல்கஹால் 5.6 சதவீதம்.

எப்படிச் சுவைக்கிறார்கள்?

ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் வாசனை எழாது. அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வைத்துவிட்டு, கிளாஸில் ஊற்றுவார்கள். நிறம் தேன் போல இருக்கும். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் மறுபடி நொதிப்பதால் அடியில் லேசான வண்டல் தெரியும். அது கெட்டுப்போனதன் அறிகுறி கிடையாது.

முதலில் மூக்குக்கு வருவது கேஸ்கேட் வாசனை. வாயில் வைத்ததும் மால்ட்டின் கேரமல் இனிப்பு. விழுங்கிய பிறகுதான் கசப்பு மேலேறி, கொஞ்ச நேரம் நாக்கில் நிற்கும். இனிப்பு இல்லாத வெறும் கசப்பாக இருந்தால் சமநிலை தவறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம், தேதி. ஹாப்ஸ் வாசனை மாதக்கணக்கில் தாங்காது. வெயில் பட்டால் ஒருவித நாற்றமே வந்துவிடும். பழுப்பு நிற பாட்டில் அதற்காகத்தான்.

ஜெயித்த பிறகு என்ன சிக்கல்?

100-க்கும் கீழே இருந்த ஆலைகள் இன்று 9,000-ஐத் தாண்டிவிட்டன. அன்று புதுமையாக இருந்த கேஸ்கேட் வாசனை இன்று சூப்பர் மார்க்கெட் அலமாரி முழுக்கக் கிடைக்கிறது. 'நாங்கள் வேறு மாதிரி' என்று சொல்வது சின்ன ஆலைகளுக்குக் கஷ்டமாகிவிட்டது.

1975-லேயே கேஸ்கேட் ஹாப்ஸில் 'லிபர்ட்டி ஏல்' தயாரித்த சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை, 2023-ல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த கிராஃப்ட் ஆலைகளைவிட மூடப்பட்டவையே அதிகம்.

சிக்கோ ஆலை இன்றும் கிராஸ்மேன் குடும்பத்திடமே இருக்கிறது. ஆனால் அது இப்போது சின்ன ஆலை இல்லை. இன்று ஊருக்குள் புதிதாகக் கடை திறக்கும் ஒருவர் போட்டி போட வேண்டியது பெரிய லாகர் நிறுவனங்களோடு மட்டுமல்ல, சியரா நெவாடாவோடும்தான்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)