மலிவு விலையில் கைத்துப்பாக்கி: வாங்கலாமா? கம்பம் பள்ளத்தாக்கில் இதெல்லாம் தெரியுமா?

தோட்டா போட ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் செய்து முடிக்கப்பட்ட கைத்துப்பாக்கி ஒன்று இந்த உலகத்தில் இருந்தது தெரியுமா? ஆண்டு 1942. கார்களுக்கு ஹெட்லைட் செய்துகொண்டிருந்த அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்று, 11 வாரத்தில் 10 லட்சம் கைத்துப்பாக்கிகளைச் செய்து குவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறேழு விநாடிக்கு ஒரு துப்பாக்கி! ஒன்றின் அடக்கவிலை இரண்டு டாலர் சொச்சம். பெயர் லிபரேட்டர். ஒருமுறைக்கு ஒரே குண்டுதான். சுட்ட பிறகு, காலித் தோட்டாவை ஒரு மரக்குச்சியால் குத்தி வெளியே தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைப் போட முடியும். ஜெர்மானியர் பிடித்த நாடுகளில் ஒளிந்து போராடியவர்களுக்காக அதைச் செய்தார்கள். அதன் வேலை என்ன தெரியுமா? எதிரிச் சிப்பாய் ஒருவனை மிக அருகில் சுட்டு, அவன் கையில் இருக்கும் நல்ல துப்பாக்கியைப் பறித்துக்கொள்வது! அதாவது இத்தனை மலிவான கைத்துப்பாக்கியைச் செய்தவர்களே, அதை வேறொரு துப்பாக்கி கிடைக்கும்வரை வைத்திருக்க வேண்டிய பொருளாகத்தான் நினைத்தார்கள்.

இதை எதற்குத் தேனி மாவட்டத்தில் சொல்ல வேண்டும்? கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் காட்டுப்பன்றிப் பேச்சு இல்லாத நாள் கிடையாது. ஒரு ராத்திரி பன்றிக் கூட்டம் இறங்கினால் போதும், மக்காச்சோளம் படுத்துவிடும், வாழைக்கன்றுகளின் கிழங்கு வெளியே கிடக்கும். அந்தக் காலை வேளையில், “சின்னதா ஒரு துப்பாக்கி இருந்தா போதும்ணே” என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஏலக்காய் விற்ற பணத்தோடு ராத்திரியில் மலைப்பாதை இறங்கும் வியாபாரிக்கும் அந்த எண்ணம் வரும். நியாயமான பயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் ‘சின்னத் துப்பாக்கி’யைப் பற்றி நமக்குத் தெரியாதவை எத்தனை!

பயிரைக் காக்கத் துப்பாக்கி தரலாம் என்று இந்தியச் சட்டமே சொல்கிறது, தெரியுமா? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவு. உண்மையிலேயே பயிர்ப் பாதுகாப்புக்குத்தான் என்றால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே திருகுவரி இல்லாத துப்பாக்கிக்கும் தரலாம். கவனித்தீர்களா? இரண்டுமே நீளத் துப்பாக்கி. விவசாயியை நினைத்து எழுதிய இடத்தில் கைத்துப்பாக்கி என்ற பேச்சே இல்லை! ரிவால்வரோ பிஸ்டலோ வேண்டுமென்றால் தக்க காரணம் இருக்கிறது என்று தனியாக நிரூபிக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் என்று அது நீண்டுகொண்டே போகும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

சரி, உரிமமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விலை?

2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களின் பாதுகாப்புக்கு என்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் நிர்பீக். டெல்லிக் கூட்டு வன்கொடுமையில் உயிரிழந்த பெண்ணுக்கு நாடு வைத்த நிர்பயா என்ற பெயரின் நினைவாக வைத்த பெயர். டைட்டானியக் கலவை உடம்பு, எடை அரைக் கிலோ, .32 அளவுத் தோட்டா ஆறு. நகைக்கடையில் தருவது போன்ற அரக்குச் சிவப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள்! விலை எவ்வளவு தெரியுமா? 1,22,360 ரூபாய். பத்தாண்டுக்கு முந்தைய பணத்தில்! இருட்டில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கும் எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும்?

இந்தக் குரல் எழுந்த பிறகுதான் வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையிலிருந்து நிடர் வந்தது. .22 அளவு, எட்டுத் தோட்டா, எடை சுமார் 250 கிராம். விலை ஏறக்குறைய 35,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ‘மலிவுக் கைத்துப்பாக்கி’ என்று சட்டப்படி இந்தியாவில் கைகாட்ட முடிந்தது அநேகமாக அதுதான். ஆனால் .22 என்பது துப்பாக்கித் தோட்டாக்களில் ஆகச் சிறியவற்றில் ஒன்று. நூறு கிலோ காட்டுப்பன்றியின் முன்னால் அதை நீட்டுவது தற்கொலைக்குச் சமம். காயம்பட்ட பன்றி ஓடிவிடும் என்று நம்ப முடியாது, திரும்பிப் பாயலாம். அதன் தந்தம் தொடையைக் கிழித்தால் என்ன ஆகும் என்று தோட்டத்துக் காவலர்களைக் கேளுங்கள்.

சினிமாவில் எடுத்ததற்கெல்லாம் நீட்டுகிறார்களே 9 எம்.எம்., அது நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு, தெரியுமா? அதனால்தான் நம்மூர் உரிமத் துப்பாக்கிகள் .32-ஐயும் .22-ஐயும் சுற்றியே வருகின்றன. இன்னொன்று, 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது. விளையாட்டு வீரர்களுக்குத்தான் விலக்கு. அதனால் தாத்தா காலத்துப் பழைய வெளிநாட்டு ரிவால்வர் ஒன்று இங்கே லட்சக்கணக்கில் விலைபோகிறது. அது பிறந்த நாட்டில் அந்தப் பணத்துக்கு நாலைந்து புதுத் துப்பாக்கி வாங்கலாம்!

அமெரிக்காவில் கதை தலைகீழ். 1968-இல் மலிவான வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள் உள்ளே வருவதைச் சட்டம் தடுத்தது. தடுத்ததும் என்ன நடந்தது? கலிபோர்னியாவில் உள்ளூர்க் கம்பெனிகளே முளைத்துவிட்டன! 1970-இல் தொடங்கிய ரேவன் ஆர்ம்ஸ் அவற்றில் முன்னோடி. எஃகுக்குப் பதில் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றினார்கள், பொம்மைக் கார்களுக்கு ஊற்றுகிறார்களே, அதே வகைக் கலவை. எஃகு உருகக் கிட்டத்தட்ட 1500 டிகிரி வேண்டும், துத்தநாகக் கலவைக்கு 400 டிகிரிகூடத் தேவையில்லை. செலவு விழுந்தது, விலையும் விழுந்தது. நூறு டாலருக்குள் பிஸ்டல்! அந்த வரிசையில் வந்த பிரைக்கோ என்ற கம்பெனியின் பிஸ்டலில், தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தே ஆக வேண்டும். அப்படி ஒருவர் தோட்டாவை எடுக்க முயன்றபோது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துபோனது. 2003-இல் ஜூரி பல கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, கம்பெனி திவாலானது. பையனுக்குக் கைகால் திரும்பவில்லை.

மலிவு என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. ஒஹையோவில் செய்யும் ஹை பாயின்ட் பிஸ்டல் பார்க்கக் கட்டை மாதிரி இருக்கும், கனமோ கனம், விலை 200 டாலர் அளவில்தான். ஆனாலும் ஆயுள் முழுக்க உத்தரவாதம் தருகிறார்கள்! பிரேசில்காரர்களின் டாரஸ் துப்பாக்கிகளும் மலிவுக்குப் பேர்போனவை. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று அவற்றின் சில மாடல்கள்மேல் வழக்கு வந்து, 2015-இல் ஏறக்குறைய பத்து லட்சம் பிஸ்டல்களுக்குச் சமரசம் பேசினார்கள். குற்றத்தைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அதே டாரஸ் இப்போது ஜிண்டால் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் ஹிசாரில் தொழிற்சாலை வைத்திருக்கிறது, தெரியுமா?

இனி நம்மூர் அதிசயத்துக்கு வருவோம். 1984-இல் அமெரிக்க மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே நம் ஆண்டிபட்டியில் ஜெயித்தாரே எம்.ஜி.ஆர்., அவர் 17 ஆண்டுக்கு முன்பே போயிருக்க வேண்டிய உயிர்! 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். நடிகர் எம்.ஆர்.ராதாவின் ரிவால்வர் குண்டு மிக அருகிலிருந்து அவர் கழுத்தில் பாய்ந்தது. குரல் மாறிப்போனது, உயிர் தப்பியது. எப்படி? தோட்டாக்கள் மிகப் பழையவை. பல ஆண்டுகளாக ஒரு டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உருண்டு உரசி வேகம் செத்துப்போயிருந்தன என்று தடயவியல் சாட்சியம் சொன்னது! துப்பாக்கி வாங்குகிறவர்கள் விலையைப் பேசுவார்கள், குழலைத் தடவிப் பார்ப்பார்கள். தோட்டாவின் வயதைக் கேட்பதே இல்லை. பழைய தோட்டா அன்று ஒரு பெருந்தலைவரைக் காப்பாற்றியது. அதே பழைய தோட்டா, தற்காப்புக்கென்று வைத்திருப்பவரைக் கைவிட்டுவிடும் என்பதும் உண்மைதானே?

ஒரே பன்றிக்கு இரண்டு சட்டம், தெரியுமா? கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி இடுக்கிக்குள் போங்கள். கேரள அரசு 2022 மே மாதம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தது. விளைநிலத்தில் புகும் காட்டுப்பன்றியைச் சுட, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அவர்களே அனுமதி தரலாம் என்று! மலையின் இந்தப் பக்கம் நம் ஊரில்? தமிழக அரசின் 2025 ஜனவரி ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். விவசாயி சுடக் கூடாது. மேகமலை ஒரு பக்கம், ஏலமலை ஒரு பக்கம் என்று காடு இடித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பள்ளத்தாக்கில், மூன்று கிலோமீட்டர் கணக்கு எத்தனை தோட்டத்துக்குப் பொருந்தும்? இங்கே அந்த விதி போதாது என்பது என் கருத்து. ஆனால் அதற்காக மலையின் அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் துப்பாக்கியோடு போய் வந்துவிட முடியாது. உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பன்றி இருக்கட்டும், 2023 மே 27-ஆம் தேதி கம்பம் நகருக்குள்ளேயே நடந்துவந்தானே அரிக்கொம்பன் என்ற காட்டுயானை, நினைவிருக்கிறதா? ஊரே வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கிடந்தது. அத்தனை பெரிய உருவத்தை ஜூன் 5-ஆம் தேதி நிறுத்தியது தோட்டா அல்ல, மயக்க ஊசி! வாயு அழுத்தத்தில் ஊசியைச் செலுத்தும் துப்பாக்கி. கையில் பிடித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பக்கத்தில் கால்நடை மருத்துவர், பின்னால் கும்கி யானைகள்.

மீண்டும் உரிமத்துக்கு வருவோம். இந்தியாவில் துப்பாக்கி உரிமம் எங்கே அதிகம்? 2016 இறுதிக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.77 லட்சம். தமிழ்நாடு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 22,500! அந்த உரிமத்தையும் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் தேதி அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டி வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது.

உரிமம் இல்லாத கள்ளத் துப்பாக்கியின் நிஜ விலை தெரியுமா? சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் என்று காதில் ஓதுவார்கள். வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டுவரை சிறை. செய்தால், விற்றால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரை போகலாம். சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். தோட்டா வெடிக்கும் அழுத்தத்துக்கென்று செய்யாத குழாய், சோதனை பார்க்காத பற்றவைப்பு, சுடுகிறவர் முகத்துக்கு அருகிலேயே வெடிப்பு. குழல் பிளந்தால் முதலில் போவது அவருடைய விரல்கள், அடுத்தது கண். அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கி ஒவ்வொன்றையும் கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சோதித்துத்தான் முத்திரை குத்துகிறார்கள். மலிவுச் சரக்கில் நீங்கள்தான் சோதனை.

அப்படியானால் வாங்கத் தகுந்த மலிவுக் கைத்துப்பாக்கி ஒன்றுகூட இல்லையா? இருக்கிறது! ஏர் பிஸ்டல். குழல் .177-க்கு மேற்படாமலும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் 2016 விதிகளின்படி அதற்கு ஆயுத உரிமமே வேண்டாம். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்த வகைப் போட்டியில்தான். சில ஆயிரத்தில் தொடங்கும் உள்நாட்டுத் தயாரிப்பே பழகப் போதும். காகித இலக்கை வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பத்து மீட்டரில் பழகுங்கள். கொக்கு, மயில் பக்கம் திருப்பினால் வனவிலங்குச் சட்டம் பாயும், அது நினைவிருக்கட்டும்.

மற்றபடி என் தீர்ப்பு இதுதான்: பன்றிக்காகவோ வழிப்பறிப் பயத்துக்காகவோ இந்தப் பள்ளத்தாக்கில் மலிவுக் கைத்துப்பாக்கி தேடுவது வீண். பயிர் போனால் அன்றைக்கே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, ரேஞ்சர் ஆபீசில் இழப்பீட்டு மனு கொடுங்கள். ஏலக்காய்ப் பணத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வராமல் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய், சட்டவிரோத மின்வேலி இரண்டையும் தொடாதீர்கள், அவற்றில் பன்றியோடு மனிதர்களும் செத்திருக்கிறார்கள். பரணிலோ ஓட்டுச் சந்திலோ தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி கிடந்தால், பிள்ளைகள் கையில் படுமுன் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். தாங்களாக ஒப்படைப்பவர்கள்மேல் வழக்கில்லை என்று போலீசாரே பல மலை மாவட்டங்களில் அறிவித்து, துப்பாக்கிகளை வாங்கியிருக்கிறார்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள்.