தூங்குமூஞ்சி என்று சொல்லாதீர்கள்!

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒரே வீடு, ஒரே சோறு. ஆனால் மூத்தவன் முதல் கோழி கூவும்போதே எழுந்து முகம் கழுவிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறான். இளையவளை மூன்று முறை எழுப்ப வேண்டும். நாலாவது முறை தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதே இளையவள் இரவில் படம் வரைய உட்கார்ந்தால் வீடு அடங்கிய பிறகும் கண் மூடுவதில்லை. மூத்தவனோ ஒன்பது மணிக்கே சுவரில் சாய்ந்துவிடுகிறான்.

வீட்டில் என்ன தீர்ப்பு? மூத்தவன் பொறுப்பான பிள்ளை. இளையவள் தூங்குமூஞ்சி, சோம்பேறி, மூதேவி! நம் தோட்டத்து வீடுகளில் இந்த அர்ச்சனை கேட்காத காலைப்பொழுது குறைவு. கோழியோடு எழுகிறவர் நல்லவர், கோட்டானோடு விழித்திருப்பவர் உருப்படாதவர் என்பது நம்மவர்களின் முடிவு.

இந்த முடிவு சரிதானா? சற்றே நின்று யோசிப்போம், வாசகர்களே.

மரத்துக்கும் மணி தெரியும்

சாலை ஓரங்களிலும் திடல்களிலும் குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மாலையானால் இலைகளை மடக்கிக்கொள்ளும், காலையில் விரித்துக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதைப் 'பூக்கோல் லீமா' மரம், அதாவது ஐந்து மணி மரம் என்று அழைப்பதுண்டு. அந்த மரத்துக்கு மணி அடித்தது யார்?

வெளிச்சம் குறைவதைப் பார்த்து மடக்குகிறது என்று சொல்லத் தோன்றும். பாதி உண்மைதான். மீதியை 1729ஆம் ஆண்டில் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துக் காட்டினார். தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்று இருட்டில் வைக்கப்பட்டது. வெயில் படாத அந்த இடத்திலும் பகல் வேளையில் அதன் இலைகள் விரிந்தன. இரவு வேளையில் மூடிக்கொண்டன. வெளியில் பொழுது விடிந்ததா, அடைந்ததா என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அதற்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது!

பால்மரக் காட்டில் நம் காலைக் குத்தும் முள்செடியின் இனத்துக்கே கடிகாரம் இருக்கிறதென்றால், மனிதனுக்கு இல்லாமல் போகுமா?

மூளைக்குள் ஒரு கடிகாரம்

நமக்கும் இருக்கிறது. கண்களிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியளவு சிறிய பகுதி ஒன்று உண்டு. அதில் ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் இருக்கின்றன. எப்போது உடம்பு சூடேற வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது கண் சொருக வேண்டும் என்று கட்டளை இடுவதில் இதற்குத்தான் பெரிய பங்கு. இரவு நெருங்கும்போது மெலட்டோனின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலப்பதும் இதன் ஏற்பாடுதான். அது கலந்தால் 'படுக்கப் போ' என்று உடம்புக்குச் செய்தி.

உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோருடைய கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதுதான் விஷயம். சிலருக்கு அது சற்று முந்தி ஓடும். அவர்கள் கோழி வகை. சிலருக்குப் பிந்தி ஓடும். அவர்கள் கோட்டான் வகை. பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். இதில் ஒரு பகுதி தாய் தகப்பன் வழியாக வருவது. சுருட்டை முடியும் உயரமும் வருவது போல. சுருட்டை முடிக்காரப் பிள்ளையை யாராவது திட்டுவார்களா?

வயதுக்கு ஒரு நேரம்

இன்னொரு செய்தி. இந்தக் கடிகாரம் ஆயுள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கைக்குழந்தை இருட்டோடு எழுந்து வீட்டையே எழுப்பிவிடும். தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் எழுந்து வெற்றிலை இடிப்பார்கள். நடுவில் இருக்கிற விடலைப் பருவத்தில் மட்டும் கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் தொடங்கி, ஏறக்குறைய 20 வயதை ஒட்டி மிகவும் பிந்திப் போய், பிறகு மெல்ல மெல்ல முன்னே வருகிறது. சிறு வயதில் எட்டரை மணிக்கே தூங்கிய பையனுக்கு, ஐந்தாம் படிவத்தில் பதினோரு மணியானாலும் தூக்கம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று பொருள் அல்ல. வளர்கிறான் என்று பொருள்.

நம் ஊர்க் கடிகாரமே முந்தி ஓடுகிறது!

நம் தோட்டங்களில் அதிகாலை எழும் வழக்கம் எப்படி வந்தது? பால்மரத்தைக் கேட்டால் தெரியும். இரவில் மரம் இலை வழியாக நீரை அதிகம் இழப்பதில்லை. ஆகவே விடியுமுன் பட்டையில் உள்ள பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். கத்தி பட்டதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விட, அழுத்தம் தணிந்து ஓட்டம் குறையும். அதனால்தான் இருட்டில் பெரட்டு, நெற்றியில் விளக்கு, விடியலில் வெட்டு. நம் பாட்டன்மார் நாலு மணிக்கு எழுந்தது அவர்கள் எல்லோரும் கோழி வகை என்பதால் அல்ல. மரம் கேட்டது; துரை கேட்டார்; மணி அடித்தது; எழுந்தார்கள்.

ஆனால் அவர்கள் எப்போது படுத்தார்கள் என்பதையும் பாருங்கள். மண்ணெண்ணெய் விளக்கை எவ்வளவு நேரம் எரிய விடுவது? மின்சாரம் வந்த பிறகும் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் இரவில் குறித்த நேரத்தோடு நின்றுவிடும். சோறு உண்டதும் படுக்கைதான். வைகறையில் எழச் சொன்ன ஔவைப் பாட்டியின் காலத்திலும் அப்படித்தான். சீக்கிரம் படுத்தவர்களுக்குச் சொன்ன புத்திமதி அது. இன்று படுக்கும் நேரத்தை நள்ளிரவுக்குத் தள்ளிவிட்டு, எழும் நேரத்தை மட்டும் பாட்டன் காலத்தில் வைத்திருக்கிறோம்.

இதோடு இன்னொரு கணக்கும் சேருகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். கோலாலம்பூர் ஏறக்குறைய 101.7 பாகை கிழக்கில் இருக்கிறது. நம் கைக்கடிகாரமோ 120ஆம் பாகையின் நேரத்தைக் காட்டுகிறது. அந்தக் கோடு பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது! 1981ஆம் ஆண்டு வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக்கைவிட அரை மணி பிந்தியிருந்தது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி நாடு முழுவதும் ஒரே நேரம் ஆக்கினார்கள். சிங்கப்பூரும் அப்படியே செய்தது. நாட்டுக்கு அது வசதி. ஆனால் தூங்குமூஞ்சி மரத்துக்கு யாரும் கடிதம் போடவில்லை, நம் உடம்புக்கும்தான்.

ஆக, சூரியனின் கணக்கைவிடக் கோலாலம்பூர்க் கடிகாரம் ஏறக்குறைய 73 நிமிடம், அதாவது மூன்று நாழிகை முந்தி நிற்கிறது. நாம் 'ஐந்து மணி' என்று பிள்ளையை எழுப்பும்போது சூரியக் கணக்கில் இன்னும் நாலு மணிகூட ஆகவில்லை. பெரும்பாலும் ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான் இங்கே சூரியன் உதிக்கிறது. இருட்டில் எழுந்து, இருட்டில் குளித்து, இருட்டில் பேருந்து ஏறுகிற பிள்ளையின் மூளைக்கு 'விடிந்துவிட்டது' என்று சொல்ல ஒரு கீற்று வெளிச்சம்கூட இல்லை!

கடன் புத்தகம்

இப்போது ஒரு வீட்டுக் கணக்குப் போடுவோம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்களின் ஆலோசனை.

ஒன்பது வயதுப் பிள்ளையை, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகவேண்டும் என்று 5 மணிக்கு எழுப்புகிறோம். குறைந்தது ஒன்பது மணி நேரம் தூங்க, இரவு 8 மணிக்கே அது கண் அயர்ந்திருக்க வேண்டும். ஆனால் தொலைக்காட்சி நாடகம் முடிந்தால்தானே நம் வீட்டில் பாய் விரிக்கிறோம்? பத்து மணிக்குப் படுத்தால் ஏழு மணி நேரம்தான்.

ஐந்தாம் படிவப் பையன் பதினொரு மணிக்குத் தூங்கி ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறு மணி நேரம். குறைந்தது இரண்டு மணி நேரம் கடன். ஐந்து நாள் பள்ளிக்கு 10 மணி நேரக் கடன்! மளிகைக் கடைப் புத்தகத்தில் ஏறுவதுபோல் இதுவும் ஏறும். விடுமுறை நாளில் அவன் பகல் வரை தூங்குவது அந்தக் கடனில் ஒரு பகுதியை அடைப்பதற்குத்தான். நாமோ போர்வையை இழுத்து, 'சோம்பேறி' என்கிறோம்.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் காண்பதைச் சொல்கிறேன். முதல் பாடவேளையில் மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளை, பத்து மணி ஓய்வுக்குப் பிறகு கண் தெளிந்து கேள்வி கேட்கிறது. அறிவு பத்து மணிக்கு எங்கிருந்தோ வந்து சேருவதில்லை, அதுவரை உறங்கிக்கொண்டிருந்தது. 'நீ மக்கு, நீ சோம்பேறி' என்று ஆறு ஆண்டுகள் காலைதோறும் கேட்ட பிள்ளை, ஏழாம் ஆண்டில் அதை நம்பிவிடும். நம்பிய பிள்ளை படிப்பை விட்டுவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

அம்மா எந்த வகை?

குடும்பத்தில் ஒருவரை மட்டும் யாரும் வகை பிரிப்பதில்லை. அவர்தான் அம்மா. எல்லோருக்கும் முன்னே எழுந்து அடுப்பு மூட்டி, பசியாறவும் மத்தியானத்துக்கும் சேர்த்துச் சமைத்து, வேலைக்கும் போய்த் திரும்பி, எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம் கழுவிக் கடைசியாகப் படுக்கிறார். காலையில் கோழி, இரவில் கோட்டான்! அது உடம்பின் குணம் அல்ல. வீட்டு வேலை ஒருவர் தலையில் விழுந்ததன் விளைவு. பெரியவர்களுக்கும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். இரவுப் பாத்திரத்தை அப்பாவும் பிள்ளைகளும் கழுவினால் அம்மாவுக்கு அரை மணி கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

பள்ளி மணியையும் பெரட்டு நேரத்தையும் நாம் மாற்ற முடியாது. ஆனால் வீட்டுக்குள் செய்யக்கூடியவை உண்டு.

1. எழுந்தவுடன் விளக்கைப் போடுங்கள். வெளுத்ததும் பிள்ளை சிறிது நேரம் திறந்த வெளியில் நிற்கட்டும். காலை வெளிச்சம் பிந்திய கடிகாரத்தை முன்னே இழுக்கும்.

2. இரவு வெளிச்சம் அதைப் பின்னே தள்ளும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைப்பேசி பிள்ளையின் தலையணைக்கு அருகில் தூங்க வேண்டாம்.

3. மாலைக்குமேல் காப்பி, தேநீர் கொடுக்காதீர்கள். குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் அதன் வேகத்தில் பாதி உடம்பில் நிற்கும்.

4. பள்ளி விட்டு வந்த பிள்ளை இருபது, முப்பது நிமிடம் கண் அயரட்டும். பொழுது சாயும் வரை தூங்கவிட்டால் இரவுத் தூக்கம் கெடும்.

5. விடுமுறையில் ஓரிரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அதற்குமேல் போனால் திங்கட்கிழமை காலை பெரும்பாடு.

6. கோட்டான் வகைப் பிள்ளை கடினமான பாடத்தை மாலையில் படிக்கட்டும். நாலு மணிக்கு அடித்து எழுப்பிக் கணக்குப் போட வைத்தால் ஏறாது. ஆனால் தேர்வு காலையில்தான் நடக்கும். ஆகவே சில வாரங்களுக்கு முன்பிருந்தே படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் கால் மணி, கால் மணியாக முன்னே நகர்த்துங்கள்.

7. செம்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ இரவு வேலை பார்த்து வந்தவர் பகலில் படுத்தால் சன்னலை மூடி, வானொலியைக் குறையுங்கள். அவருக்கு அதுதான் இரவு.

8. போதிய நேரம் தூங்கியும் பகலெல்லாம் பிள்ளை சோர்ந்து கிடந்தால், அல்லது இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால், திட்டாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

இவையெல்லாம் சோம்பலுக்குச் சான்றிதழ் அல்ல. 'என் கடிகாரம் பிந்துகிறது' என்று சொல்லிக்கொண்டு நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவுகிற அண்ணன்மார் இதைக் காட்டி அம்மாவிடம் தப்பிக்க வேண்டாம்! உடம்பின் குணம் வேறு, பழக்கத்தின் குற்றம் வேறு. முன்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னதைத் திருத்த வேண்டும். எது எது என்று பிரித்தறிவதுதான் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள கடமை.

தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலையை மடக்குவதால் அதன் நிழல் குறைந்துவிடவில்லை. பகலில் அதன் கீழ் எத்தனை பேர் இளைப்பாறுகிறார்கள்! நாளைக் காலை பிள்ளையை எழுப்பும்போது வசைக்குப் பதிலாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்றிரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் பாயை விரித்தால், அதற்கு மறுமொழியும் சீக்கிரம் கிடைக்கும்.