துப்பாக்கி பிடித்த கைக்கு ஏர் பிடிக்க நிலம் எங்கே?

தியாகதுருகம் மலைக்கோட்டையை 1790-ல் திப்புவின் படை தாக்கியபோது, கேப்டன் பிளின்ட் அதைக் காத்து நின்றார் என்று வரலாறு சொல்கிறது. அன்றைய சென்னைப் படையில் பறையர் சமூகத்தார் பலர் சிப்பாய்களாக இருந்தனர். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

பெயர் தெரிந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் 1924 அக்டோபர் 9-ல் பிறந்த இம்மானுவேல் சேகரன். 18 வயதில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். 1945-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1950-களில் ஊர் திரும்பியவர், ஒடுக்கப்பட்ட இளைஞர்களைத் திரட்டினார். டீக்கடையில் தனிக் குவளை எதற்கு என்று கேட்டார். 1957 செப்டம்பர் 10 அன்று, முதுகுளத்தூர் மோதல்களை நிறுத்த அதிகாரிகள் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தம் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. 2010-ல் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

எல்லையில் நாட்டைக் காத்தவன் சொந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கக் கூடாதா என்பதே அவர் வாழ்க்கை எழுப்பிய கேள்வி. நம் சேரிகளுக்குத் திரும்பும் பட்டாளத்துக்காரர்களும் அதே கேள்வியோடுதான் வருகிறார்கள். சேர்த்த பணத்தில் ஓர் ஏக்கர் வாங்கிக் கரும்போ மரவள்ளியோ வைக்கிறவர், கூலிக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பென்ஷனும் பட்டாவும் கையில் இருந்தால் பேச்சில் தயக்கம் இருக்காது. பிள்ளைகள் படிப்பு நிற்காது.

அந்த ஓர் ஏக்கரைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை ஏன் வந்தது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892-ல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் பட்டியலின மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை மீறிக் கைமாறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் தமிழகமெங்கும் பெருமளவு பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போய்விட்டது.

செப்டம்பர் 11-ல் மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். அதோடு, நம் கிராமத்து நில ஆவணங்களில் நிபந்தனை நிலம் எவ்வளவு, இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கேட்போம். பட்டாளத்துக்காரரை மதிப்பதென்றால், அவர் பிள்ளைகள் கால் ஊன்ற நிலம் வேண்டும்.