குண்டு விழுந்த மறுநாள்

ஜவ்வாது மலையிலிருந்து தெற்கே இறங்கினால் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதி வரும். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கிற நிலம் இது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இங்கே கண்டெடுத்தவற்றை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. பல கற்கள் பல்லவர் காலத்தவை. அவற்றில் அடிக்கடி வரும் செய்தி ஒன்றுதான்: மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருது ஓர் ஆள் செத்தான்.

மாடு பிடிப்பதை வெறும் திருட்டு என்று எண்ணிவிட வேண்டாம். பகை நாட்டின் ஆநிரையைக் கவர்ந்து வருவது போரின் முதல் அடி. பழைய இலக்கணம் அதை வெட்சி என்கிறது. அரசன் ஏவி வீரர்கள் போவதும் உண்டு, தாமே போவதும் உண்டு. கொண்டுவந்த மாடுகளைப் பங்கிடுவதும் கொடுப்பதும் வெட்சித் துறைகளாகத் தொல்காப்பியத்தில் எண்ணப்பட்டிருக்கின்றன. தாக்குதலின் பயன் எதிரியின் இழப்போடு முடியவில்லை என்பது இதில் தெரிகிறது. பங்கு பெற்றவன் தலைவனோடு இன்னும் இறுக்கமாக நிற்பான். சொந்த ஊரில் ஆதரவு திரட்டுவது அன்றைக்கே போரின் ஒரு பகுதிதான்.

இன்று மாட்டுக்குப் பதில் வாக்கு. எதிரி தாக்கினாலும் நாம் தாக்கினாலும், அடுத்த சில வாரங்களுக்கு மக்கள் பெரும்பாலும் தலைவர் பின்னால் திரள்வார்கள். அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஜான் முல்லர் 1970-லேயே இதை ஆராய்ந்து எழுதினார். அச்சம் ஒரு காரணம். எதிர்க்கட்சிகள் வாயை மூடிக்கொள்வது இன்னொரு காரணம். மறுத்துப் பேசுகிற குரல் காதில் விழாதபோது, அரசு சொல்வதே முழு உண்மையாகத் தோன்றிவிடுகிறது. 2025 மே மாதம் பாகிஸ்தான் மீது ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல் நடந்த சில நாட்களில், மத்திய அரசோடு நாள்தோறும் மோதிக்கொண்டிருந்த அப்போதைய தமிழக முதல்வரே ராணுவத்துக்கு ஆதரவாகச் சென்னையில் பேரணி நடத்தினார். அந்த நேரத்தில் எந்தக் கட்சியும் வேறு மாதிரி நடப்பது கடினம்.

அப்படியானால் தலைவர்கள் வாக்குக்காகத்தான் குண்டு போடுகிறார்களா? இதற்கு ஒரே வரியில் விடை சொல்பவரை நான் நம்புவதில்லை. 1999 ஏப்ரல் 17-ல் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. மே மாதம் கார்கில் போர் மூண்டது. செப்டம்பர், அக்டோபரில் தேர்தல். நாட்களை மட்டும் பார்த்தால் சந்தேகம் வரும். ஆனால் ஊடுருவியது பாகிஸ்தான் படை. தேர்தல் முடிவையும் பாருங்கள்: பா.ஜ.க. 1998-ல் பெற்ற இடங்கள் 182, கார்கில் வெற்றிக்குப் பிறகு பெற்றதும் 182.

2019-ல் கதை வேறு. பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் 40 மத்திய ரிசர்வ் போலீசார் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். பிப்ரவரி 26-ல் பாகிஸ்தானின் பாலகோட்டில் இந்திய விமானப்படை தாக்கியது. ஏப்ரலில் வாக்குப்பதிவு தொடங்கியது. படை வீரர்களின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. பா.ஜ.க. 282-லிருந்து 303 இடங்களுக்கு உயர்ந்தது. அதே செய்தியைக் கேட்ட தமிழ்நாட்டில், தள்ளிவைக்கப்பட்டு ஆகஸ்டில் நடந்த வேலூர் தேர்தலையும் சேர்த்து, தி.மு.க. கூட்டணி 39-ல் 38 இடங்களை வென்றது. செங்கமும் கலசபாக்கமும் அடங்கிய திருவண்ணாமலைத் தொகுதி அவற்றில் ஒன்று. இந்த வாக்காளர்களுக்கு நாட்டுப்பற்று குறைவு என்று யாராவது சொன்னால் அது பொய். அவர்கள் வேறு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்து வாக்களித்தார்கள்.

போர்ப் புகழ் கரைந்துபோவதும் உண்டு. 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷுக்கு 89 விழுக்காடு ஆதரவு இருந்தது, 1992-ல் தோற்றார். இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்ததும் மகிந்த ராஜபக்ச தேர்தலை முன்கூட்டியே வைத்து 2010 ஜனவரியில் வென்றார்; 2015 ஜனவரியில் தோற்றார். முள்ளிவாய்க்காலில் இறந்த பொதுமக்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள், அந்த வெற்றி முழக்கத்தில்தான் முதலில் அமுக்கப்பட்டன. இது ஆறாத வேதனை.

தலைவரின் மனதுக்குள் புகுந்து நோக்கத்தை நிரூபிக்க நம்மால் முடியாது. பாதுகாப்புக் காரணமும் தேர்தல் ஆசையும் ஒரே முடிவில் கலந்தே இருக்கலாம். வெளியே தெரிவதைச் சோதிக்க முடியும். தாக்குதலின் இலக்கு என்ன, அது எட்டப்பட்டது என்பதற்குச் சான்று என்ன, நாடாளுமன்றத்தில் விவாதிக்கிறார்களா, தேர்தல் மேடையில் அதை யார் தன் சாதனையாக்குகிறார், கேள்வி கேட்டவருக்கு என்ன பட்டம் கட்டுகிறார்கள். இவற்றைத் தெரிந்துகொள்ள ராணுவ ரகசியம் எதுவும் தேவையில்லை.

தண்டராம்பட்டு அருகே எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப்போய் இறந்த கருந்தேவக்கத்திக்காக நட்டது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய்க்கும் அதில் உருவமும் கோவிவன் என்ற பெயரும் உண்டு. பேரரசன் பெயர் ஆண்டைச் சொல்வதற்காக மட்டும் வருகிறது. பெருமை முழுவதும் செத்தவனுக்கும் நாய்க்கும். வீரனுக்குரிய மரியாதையை நாமும் இப்படிப் பிரித்தே கொடுக்கலாம். எல்லையில் நிற்பவரைப் போற்றிக்கொண்டே, அவரை அனுப்பியவரிடம் ஏன் அனுப்பினாய் என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.