காருக்குள்ளே ஒரு கர்ர்ர்...



2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த ராத்திரி. தேவனாம்பட்டினத்தில் எங்க தெருவில் கரண்ட் இல்லை. போனிலும் சார்ஜ் இல்லை. தாத்தாவுக்கு ஒரே கவலை, கரையில் ஏத்தி வச்ச படகு என்ன ஆச்சோ, புயல் இப்போ எங்கே இருக்கோ என்று. "மாமா வண்டியில ரேடியோ இருக்குல்ல, போடுடா" என்றார். மாமாவின் பழைய கார் வாசலில் நின்றது. அதன் பேட்டரி 12 வோல்ட். தெருவில் கரண்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? உள்ளே உட்கார்ந்து செய்தியைத் திருப்பினோம். "...கிலோமீட்டர் கர்ர்ர்... மீனவர்கள் கர்ர்ர்..." எத்தனை கிலோமீட்டர் என்பது மட்டும் கடைசி வரை கேட்கவே இல்லை.

தண்ணி வடிஞ்ச பிறகு ஒரு கடையில் காட்டினோம். பார்த்த உடனே, "காயில் எரிஞ்சிடுச்சு, செட்டோட மாத்திடுங்க" என்றார்கள். மாமாவுக்கு மனசு வரலை. எங்க இயற்பியல் சாரிடம் கேட்டேன். "எது போச்சுன்னு பார்த்தியா? பார்க்காம எதை மாத்துவே?" என்று மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. பின்னால் ஒரு வட்டக் காந்தம். அதன் நடுவில் மெல்லிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் எதையும் தொடாமல் மிதக்கிற ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டின காகிதக் கோன். சுருளில் மின்னோட்டம் போனால் காந்தம் அதைத் தள்ளும், திசை மாறினால் இழுக்கும். நாம படிச்ச ஃபிளெமிங் இடக்கை விதி இதுதான்! கோன் அதோடு சேர்ந்து ஆடிக் காற்றை அசைக்கிறது. ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் வெளியிட்ட அமைப்பு இது. இன்றைக்கும் பெரிசா மாறலை.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். செட்டில் பேலன்ஸை முழுசா இடது பக்கம் திருப்புங்க, பிறகு வலது பக்கம். எங்க காரில் இடது நல்லா பாடியது, வலதுதான் கர்ர். அடுத்து வலது ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை எடுத்து இடது ஸ்பீக்கரில் கொடுத்துப் பார்த்தோம். சத்தம் சுத்தமா வந்தது. அப்போ செட் மேல் தப்பில்லை.

மூணாவது, மல்டிமீட்டர். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். ஆனால் மீட்டரில் 3.2இலிருந்து 3.8 வரை காட்டினாலே சரிதான், ஏன்னா மீட்டர் பார்க்கிறது கம்பியின் மின்தடையை மட்டும். காயில் எரிஞ்சு அறுந்திருந்தால் மீட்டர் அசையாது. எங்களுடையது 3.5 காட்டியது! காயில் அறுந்து போகவே இல்லை. பிறகு ஏன் கர்ர்? இரண்டு கட்டை விரலாலும் கோனை மெதுவா, சமமா அமுக்கினேன். உள்ளே மணல் உரசுகிற மாதிரி சொரசொரன்னு ஒரு சத்தம். துரு! சுருளைச் சுற்றி இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் துருத்தூள் விழுந்தால் எப்படி ஆடும்?

கடற்காற்றுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பாதிதான் உண்மை. மீதி கதவுக்குள் இருந்தது. பழைய கார் என்பதால் கண்ணாடியைக் கையால் சுற்றணும். அந்தக் கைப்பிடியைக் கழட்ட ஸ்குரூவே தெரியாது. மாமா ஒரு பழைய துணிப்பட்டையைக் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்தார். டிக் என்று ஒரு கிளிப் தெறித்தது. (அது பறந்து போய் அரை மணி நேரம் தேடினோம். நீங்க இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்க.) உள் அட்டையை எடுத்தால், அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் கிழிஞ்சு தொங்கியது.

கார் கதவுக்குள் மழைத்தண்ணி போகாது என்று நினைக்காதீங்க. கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியா போகத்தான் செய்யும், அடியில் இருக்கிற ஓட்டை வழியா வெளியே வரும். அந்தத் தண்ணி இந்தப் பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். எப்பவோ யாரோ கதவைப் பிரிச்சவர் திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கார். இதைப் பார்க்காமல் புது ஸ்பீக்கர் போட்டிருந்தால் அதுவும் அடுத்த மழையில் துருப்பிடிக்க ஆரம்பிச்சிருக்கும். தடிமனான பாலித்தீன் தாளை வெட்டி ஓரம் முழுக்க ஒட்டினோம். கதவின் அடி ஓட்டையில் அடைஞ்சிருந்த மணலையும் குத்தி எடுத்தோம்.

புது ஸ்பீக்கரை திருப்பாதிரிப்புலியூரில் வாங்கினோம். அளவு 4 அங்குலம், 4 ஓம். ஜோடியாகத்தான் வாங்கணும், ஒன்று மட்டும் புதுசா இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்காது. வாங்கும் முன் ஆழத்தை அளந்து பாருங்க. கதவுக் கண்ணாடியை முழுசா இறக்கின பிறகும் காந்தம் அதில் இடிக்கக் கூடாது.

பெட்டியில் போட்டிருக்கிற பெரிய வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண செட்டுக்குக் கணக்குப் போடலாம். இன்ஜின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட். அதை 1.414ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 வோல்ட். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் 100/4 = 25 வாட். ஒரு ஸ்பீக்கருக்கு அவ்வளவுதான் சுத்தமா கிடைக்கும், பெட்டியில் 200 என்று போட்டிருந்தாலும் சரி. அதற்கு மேல் வால்யூமைத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு காயில் சூடாகும். நிஜமாவே காயில் எரிவது பெரும்பாலும் அப்போதுதான்.

வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழட்டிடணும். வெளியில் வாங்கிப் போடுகிற செட்களில் ஒயர் நிறம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் மைனஸ். அந்த மைனஸை மட்டும் கார் பாடியில் சேர்க்கவே கூடாது, செட்டின் ஐசி போயிடும். நிறம் தெரியாத ஸ்பீக்கர் என்றால் 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு பக்கம் மாத்திக் கொடுத்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், தபேலா சத்தம் காணாமல் போகும். நான் முதல் தடவை அப்படித்தான் கொடுத்தேன்! ஸ்குரூ மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்க, நம்ம ஊர் காற்றுக்குச் சாதா ஸ்குரூ தாங்காது.

மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள். இப்போ மழை என்றால் தாத்தா சாவியை வாங்கிட்டுப் போய் காரில் உட்கார்ந்து செய்தி கேட்கிறார். பேட்டரி இறங்கிடும் என்று மாமா கத்துவார், அது வேற கதை.

பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நம்ம இயற்பியல் ஆய்வகத்தில் கொடுத்திருக்கேன். சாரிடம் கேட்டு எடுத்துப் பாருங்க. கையில் வாட்ச் இருந்தால் கழட்டி வச்சிட்டுப் போங்க.