ஐந்து நிமிடத் தாமதம், அரை நாள் கூலி

திருப்பூர்ப் பக்கம் இருபது பேர் வேலை பார்க்கும் பிரிண்டிங் பட்டறையில்கூட வாசலில் ஒரு விரல்ரேகை மெஷின் வந்துவிட்டது. சாயத்திலும் ரசாயனத்திலும் தேய்ந்த விரலை அது லேசில் ஏற்காது. சட்டையில் துடைத்து, ஊதி, மறுபடி வைப்பதற்குள் எட்டரை எட்டு முப்பத்தைந்தாகிவிடும். சனிக்கிழமை சம்பளத்தில் அரை ஷிஃப்ட் காணாமல் போயிருக்கும். கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தாங்க இருக்கு" என்பார் சூப்பர்வைசர்.

சிஸ்டத்தில் அப்படி வைத்தது ஓர் ஆள்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வராத நேரத்துக்கு உண்டான கூலியைத்தான் பிடிக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஆறே கால் ரூபாய், 300 அல்ல. அபராதம் என்று பெயர் மாற்றினாலும் முதலில் உங்களிடம் விளக்கம் கேட்டாக வேண்டும், அந்த வாரச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. மெஷின் விற்றவர் போட்டுக் கொடுத்த விதி அப்படியே ஓடுவது சில ஓனர்களுக்கே தெரியாது. எடுத்துச் சொன்னால் மாற்றுபவர்களும் உண்டு.

ஊரே பழகிப்போன இன்னொரு கணக்கு, ஒன்றரை ஷிஃப்ட். எட்டு மணி நேரத்துக்கு மேல் நாலு மணி நேரம் உழைத்தால் 300 ரூபாய் சேர்த்துக் கொடுப்பார்கள். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, அதாவது 600. மெஷினால் தொழிலாளிக்கு லாபம் இங்கேதான். முன்பு மேஸ்திரி நோட்டில் எழுதியதுதான் நேரம்; இப்போது வந்ததும் போனதும் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. "அவுட் பஞ்ச் வச்சுட்டு வந்து வேலையைப் பாருங்க" என்று யாராவது சொன்னால், அது ஓ.டி.யை மறைக்கும் வழி. சம்மதிக்காதீர்கள்.

விரல் ஏறாத நாளில் உடனே சொல்லி, பதிவேட்டில் நேரம் எழுத வையுங்கள். மெஷின் திரையை ஃபோனில் படம் பிடியுங்கள். சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்க வேண்டாம். பி.எஃப். பிடித்தால் யூ.ஏ.என். எண்ணைப் போட்டு, பாஸ்புக்கில் பணம் ஏறியதா என்று பாருங்கள்.

கூலி குறைந்தால் 3 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். நேரில் போகத் தயக்கமென்றால், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கமே கொடுக்கலாம். மனு போன பிறகு, கூலியை முழுதாகக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.